ரசீது புத்தகமும் வழுக்கு மரமும்

வணக்கம் நேயர்களே.

பொங்கலுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள்தான். இந்நேரத்துக்கு உங்கள் வீட்டு வாசலில் நாலு பையன்கள் ரசீது புத்தகத்தோடு வந்து நின்றிருப்பார்கள். "பொங்கல் விளையாட்டு விழாங்க, பாத்துப் போட்டுக் குடுங்க." நீங்களும், "போன வருசம் எவ்வளவுப்பா எழுதுனேன்?" என்று கேட்டிருப்பீர்கள். ஒருவன் பழைய நோட்டைப் புரட்டி, "இருநூறுங்க" என்பான். "நூறுதானே எழுதுனேன்!" என்பீர்கள். அவன் நோட்டைத் திருப்பிக் காட்டுவான். இருநூறுதான் இருக்கும். உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

அந்த நோட்டைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

இன்று ஜனவரி 12. விவேகானந்தர் பிறந்த நாள். 1985 முதல் தேசிய இளைஞர் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். படத்துக்கு மாலை, ஒரு உறுதிமொழி, ஒரு சொற்பொழிவு. அந்தச் சொற்பொழிவை நானே பல தடவை செய்திருக்கிறேன். வாத்தியார், போதாததற்கு நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் வேறு. வெயிலில் வரிசையாக நிற்கவைத்து, 'இளைஞர்களே, எழுமின், விழிமின்' என்று அரை மணி நேரம் பேசுவேன். பேசி முடிக்கும்போது இரண்டு பேர் மயங்கி உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள், மணி எப்போது அடிக்கும் என்று. ஆகவே இன்று அறிவுரை கிடையாது. எங்கள் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் எங்கள் ஊர். தென்னையும் பூவும் பலாவும் உள்ள பகுதி. மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் இரண்டு நாளும் விளையாட்டு. காலையில் சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், பெண்களுக்குக் கோலப் போட்டி, சாயங்காலம் உறியடி, கயிறு இழுத்தல், கடைசியாக வழுக்கு மரம். ரேடியோ செட்டுக்காரர் கூம்பு ஸ்பீக்கரை வேப்ப மரத்தில் கட்டிவிடுவார். பரிசு பெரும்பாலும் எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் குடம். எங்கள் வீட்டில் இருக்கிற குடத்தில் பாதி என் மனைவி கோலம் போட்டு வாங்கினதுதான்.

வழுக்கு மரம் ஏறுகிறவனை ஊரே பார்க்கும். மரம் எப்படி வருகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. பத்து நாளைக்கு முன்னாலேயே நல்ல நேரான தைலமரமாகப் பார்த்து, கேட்டு வாங்கி, பட்டையை உரித்து, முண்டு முடிச்சில்லாமல் இழைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறுகிறவன் தொடையைக் கிழித்துவிடும். நெஞ்சளவுக் குழி தோண்டி நட வேண்டும். உச்சியில் பணமுடிப்பு. அப்புறம் கிரீஸ், விளக்கெண்ணெய், கற்றாழைச் சோறு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பூசுவார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு பையன் வைக்கோலைக் கட்டுக்கட்டாகத் தூக்கி வந்து அடியில் பரப்புவான். வருடா வருடம் அது ஒரே பையன். நான் ஒரு தடவை, "ஏம்ப்பா, நீ ஏறவே மாட்டியா?" என்று கேட்டேன். "எங்கண்ணன் ஒரு வருசம் விழுந்துட்டான் சார். அப்ப வைக்கோல் போடல" என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊரில் மன்றத்துக்கு அவ்வளவாக நல்ல பெயர் இருந்ததில்லை. 'வேலைவெட்டி இல்லாத பயலுக, ரெண்டு நாள் கத்திட்டுப் போவானுக' என்பதுதான் பெரியவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு மாறியது 2018 நவம்பர் 16 விடியற்காலையில்.

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் பக்கம் வந்து சேரும்போதும் அதன் வேகம் குறையவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். தென்னையும் மின்கம்பமும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. முப்பது வருடம், நாற்பது வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். ஆம்பளைகள் தோப்பு வரப்பில் உட்கார்ந்து அழுததை அன்றுதான் பார்த்தேன். கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, அதனால் குடிதண்ணீர் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்லக்கூட வழியில்லை.

அன்று காலை பத்து மணிக்கெல்லாம் மன்றத்துப் பையன்கள் கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த வடத்தை எடுத்து வந்தார்கள். ரோட்டில் விழுந்து கிடந்த புளியமரத்தைக் கிளை கிளையாக அறுத்து, வடத்தைக் கட்டி இழுத்தார்கள். போட்டியில் வடக்குத் தெரு ஒரு பக்கம், தெற்குத் தெரு ஒரு பக்கம். அன்றைக்கு இரண்டும் ஒரே பக்கம். ரேடியோ செட்டுக்காரரின் ஜெனரேட்டர் முதலில் மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்குப் போனது. தொட்டி நிரம்பியதும் பள்ளிக்கூட வராண்டாவுக்கு வந்தது. வராண்டா முழுக்க செல்போன். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி, வீட்டுக்காரர் பெயர் எழுதி, வரிசையாக சார்ஜில் கிடந்தன. விழாவுக்குச் சோறு பொங்குகிற அண்டா அடுப்பில் ஏறியது. ஐந்நூறு பேருக்கு எத்தனை படி அரிசி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

இரண்டாம் நாளிலிருந்து வெளி மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் பொருள் வரத் தொடங்கியது. மவராசர்கள், முகம் தெரியாதவர்கள். ஆனால் லாரி மெயின் ரோட்டில்தான் நிற்கும். ரோட்டோரத்து வீடுகளுக்கு மூன்று பாய், நாலு போர்வை. உள்ளே கொல்லைக்காட்டில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு ஒரு மெழுகுவத்திகூட இல்லை. லாரியோடு வந்தவர்கள், "லிஸ்ட் இருந்தா குடுங்க, அதுப்படி குடுத்துட்டுப் போறோம்" என்றார்கள். லிஸ்ட் யாரிடம் இருக்கிறது?

மன்றத்தின் நன்கொடை நோட்டில் இருந்தது! தெரு வாரியாக, வீட்டு வரிசைப்படி, பெயரோடு. பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் இருந்தது, 'ஆள் இல்லை, மறுபடி வரணும்' என்று எழுதின வீடும் இருந்தது. எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை என்பதெல்லாம் வருடம் தவறாமல் வாசலில் போய் நின்றவனுக்குத்தானே தெரியும்? அந்த நோட்டை வைத்துத்தான் எங்கள் ஊரில் பாயும் போர்வையும் அரிசியும் பிரிந்தன. நான் வாத்தியார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் போனவன். என்னிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

சரி, 2019 பொங்கல் வந்தது. விளையாட்டு விழா வைப்பதா வேண்டாமா என்று மன்றத்தில் பெரிய சண்டை. மரமெல்லாம் போய் ஊர் எழவு வீடு மாதிரிக் கிடக்கும்போது மைக் செட் போட்டுக் கூத்தடிப்பதா என்றது ஒரு கட்சி. சின்னப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் வசூல் கிடையாது, வழுக்கு மரம் கிடையாது, சிறுவர் போட்டிகள் மட்டும் என்று முடிவானது. பரிசுக்குப் பணம்? ஒருத்தன் எங்கோ அலைந்து தென்னங்கன்று வாங்கி வந்தான். முதல் பரிசு இரண்டு கன்று, இரண்டாம் பரிசு ஒரு கன்று. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, தன் உயரத்துக்கு இருந்த கன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பேராவூரணி, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் இளைஞர்கள் கைக்காசும் நன்கொடையும் போட்டு ஏரி குளம் தூர்வார இறங்கியதும் அதே 2019-ல்தான்.

மன்றத்தை ரொம்பப் புகழ்ந்துவிட்டேன். குறையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக பிளெக்ஸ் பேனரில் அறுபது எழுபது தலை இருக்கும், ஒரு பெண் முகம் இருக்காது. பெண்கள் கோலம் போட வேண்டும், குடம் வாங்க வேண்டும், போய்விட வேண்டும். அதை மாற்றினது ஒரு கணக்குத் தகராறு. ஒரு வருடம் பதினோராயிரம் ரூபாய் இடித்தது. யார் எடுத்தான் என்று கூட்டத்தில் கைகலப்பு வரை போய்விட்டது. பி.காம். படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பொருளாளரின் தங்கச்சி, அண்ணனைத் திருடன் என்று சொன்ன கோபத்தில் அத்தனை ரசீதையும் வாங்கிப்போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாள். விடிந்ததும் இரண்டு சார்ட் ஒட்டி வரவு செலவை எழுதி, பிள்ளையார் கோவில் சுவரில் ஒட்டிவிட்டாள். காணாமல் போன பணம் பந்தலுக்குக் கொடுத்த முன்பணம். இரண்டு தடவை கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலிருந்து கணக்கு பெண்கள் கையில். சார்ட் வருடா வருடம் அதே சுவரில். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் ஊரில் பல பேர் கோவில் கணக்கையும் கேட்க ஆரம்பித்தார்கள். அது வேறு கதை, வானொலியில் வேண்டாம்.

ரத்ததான முகாமும் அந்தப் பெண்கள் கொண்டுவந்ததுதான். முதல் முகாம் மாட்டுப் பொங்கல் அன்று. எங்கள் ஊரில் மூன்று வருடம் தொடர்ந்து வழுக்கு மரம் ஏறிய ஒரு மல்லன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின் பதினொன்றரை. பன்னிரண்டரை வேண்டும். "தம்பி, முருங்கைக்கீரை சாப்பிட்டுட்டு அடுத்த தடவை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவனுக்குப் பின்னால் நின்ற ஒல்லிப் பெண்ணுக்குப் பதின்மூன்று. எடை நாற்பத்தேழு கிலோ, நாற்பத்தைந்து இருந்தால் போதும். கொடுத்துவிட்டு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடம் முழுக்க அவனுக்கு ஊரில் 'முருங்கைக்கீரை' என்றுதான் பெயர்.

முகாமுக்கு வந்த ரத்த வங்கி டாக்டர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "ஒரே நாள்ல நூறு பேரைக் கூட்டிட்டு வந்து போட்டோ எடுக்காதீங்க. சிவப்பணுவை அதிகம் போனா நாற்பத்திரண்டு நாள்தான் வைக்க முடியும், பிளேட்லெட் அஞ்சே நாள். மே மாசம் காலேஜ் லீவு விட்டதும் எங்களுக்குப் பஞ்சம் வந்துரும். அப்ப வாங்க." கேட்டுக்கொண்டார்கள். இப்போது மன்றத்தில் இன்னொரு நோட்டு இருக்கிறது. யாருக்கு என்ன குரூப், கடைசியாக எப்போது கொடுத்தார், ஆணானால் மூன்று மாதம், பெண்ணானால் நாலு மாதம் கழித்து மறுபடி எப்போது கொடுக்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கோடையில் நாலைந்து பேராகப் பிரித்து பஸ் ஏற்றிவிடுகிறார்கள். பேனர் இல்லை, போட்டோ இல்லை.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு 1991 நினைவுக்கு வரும். படித்து முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்த காலம். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். சம்பளம் கிடையாது. ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு கரும்பலகை, கொஞ்சம் புத்தகம். "இந்தத் தெருவுல எழுத்துத் தெரியாதவங்க இருபது பேர். உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கம்மா வயசுப் பெண்கள் வயல் வேலை முடிந்து, கைகால் கழுவி, சிலேட்டோடு வந்து உட்கார்ந்து, "சொல்லுப்பா வாத்தியாரே" என்பார்கள். சாயங்காலம் அதே பெண்கள் பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிள் பழகினார்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எங்கள் வேலைதான். யாரும் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. விளக்கைக் கையில் கொடுத்தார்கள்.

இப்போது பொன்னாடைக்குக் குறைச்சல் இல்லை. பரிசளிப்பு மேடையில் நாங்கள் பெரியவர்கள் பதினைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வோம். ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசுவோம். இளைஞர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். பரிசு வாங்க வேண்டிய குழந்தைகள் தூங்கிவிடும். இது இளைஞர் விழாவா, எங்களுக்கு எடுத்த விழாவா என்று போன வருடம் என் மகளே கேட்டுவிட்டாள்.

நேற்று மன்றத்தில் இருந்து வந்தார்கள். வழக்கம்போல ரசீது புத்தகம். முந்நூறு எழுதினேன். இந்த வருடம் மேடையில் தலைமை உரை எனக்கு உண்டா என்று நாசூக்காகக் கேட்டுப் பார்த்தேன். கணக்குப் பார்க்கிற அந்தப் பெண், இப்போது வேலைக்குப் போகிறாள், பொங்கலுக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள், நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"இந்த வருசம் யாருக்கும் உரை கிடையாது சார். உங்களுக்குச் சாக்கு ஓட்டத்துல முடிவுக் கோட்டுக் கயிறு பிடிக்கிற வேலை போட்டிருக்கோம். காலையில எட்டு மணி. லேட்டா வந்துராதீங்க."

வணக்கம்.