காட்டுப் புத்தகத்தில் முன்னால் நடப்பது யார்?

(சத்தியமங்கலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அம்மணிகளுக்கும், தாளவாடியிலிருந்து இதற்கென்றே மலையிறங்கி வந்திருக்கிற தம்பிகளுக்கும் வணக்கமுங்க. திம்பம் ஏற வேண்டியவர்கள் பேச்சுக்கு நடுவில் எழுந்து பஸ்ஸுக்குப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்த இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பொழுது சாய்ந்த பிறகு யாருக்கு முன்னுரிமை என்று உங்களுக்கே தெரியும்.

படைவீரர், வனவிலங்கு, காட்டின் ஆபத்து, இந்த மூன்றையும் பேசுகிற புத்தகங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நூலகத்தில் இவற்றையெல்லாம் சேர்த்து 'சாகசம்' என்று ஒரே அலமாரியில் வைத்துவிடுகிறோம். பள்ளிக்கூடப் பையன் எடுத்துப் படிப்பான், நாலு வருஷம் கழித்து மறந்துவிடுவான் என்பது எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தக் காட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் ஒன்றைத் தேடுவேன். வரிசையில் முன்னால் நடப்பது யார்? அவருக்குப் பெயர் இருக்கிறதா? கடைசிப் பக்கம் வரை அவர் உயிரோடு வருகிறாரா? இந்தக் கேள்விகளோடு படித்துப் பாருங்கள், அதே புத்தகம் வேறாகத் தெரியும்.

நம் கொங்கு நாட்டில் இந்த வகைப் புத்தகம் முதலில் கல்லில்தான் இருந்தது. புலிகுத்திக் கல் என்று சொல்கிறோமே, அதைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். புலி பின்னங்கால்களில் எழுந்து நிற்கும், எதிரே ஒரு ஆள், அவர் ஈட்டியோ வாளோ புலியின் உடம்புக்குள் இறங்கியிருக்கும். மாட்டுப் பட்டியைக் காக்கப் போய்ச் செத்தவருக்கு ஊர் நட்ட கல் அது. இது மேய்ச்சல் நாடு. மாடுதான் சொத்து, அந்தச் சொத்துக்காகப் புலியோடு மல்லுக்கு நின்றவன்தான் ஊருக்கு வீரன். பல கற்களில் எழுத்தே கிடையாது. பேர் தெரியாமலே பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதற்கும் முந்தியது மலைபடுகடாம். நன்னன் என்ற மன்னனிடம் பரிசில் வாங்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. புலவர் என்ன சொல்கிறார் தெரியுமா? காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், அதனால் விடிந்த பிறகு நடங்கள். பாம்பு கிடக்கும் குழிகளைப் பார்த்துப் போங்கள். தினைப்புனத்துக் குறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது உங்கள் மேல் படாமல் மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். வீரப் பேச்சு ஒன்றும் இல்லை. முன்னால் நடந்து பார்த்தவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்கிற தகவல். காட்டு எழுத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சரி, எல்லோருக்கும் தெரிந்த ஜிம் கார்பெட்டுக்கு வருவோம். 1875இல் நைனிடாலில் பிறந்தவர். அவருடைய முதல் பெரிய புத்தகம் 1944இல் வந்தது. எழுத்தாளர் தி.ஜ.ர. அதைக் 'குமாயுன் புலிகள்' என்று தமிழில் கொடுத்தார். அதில் வரும் சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. நேபாளத்தில் ஆயுதம் ஏந்திய கூட்டம் சேர்ந்து விரட்டியடிக்க, அது எல்லை தாண்டிக் குமாயுனுக்குள் வந்து அங்கேயும் தொடர்ந்தது. 1907இல் கார்பெட் அதைச் சுட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 'ஒற்றை மனிதர் புலியை வீழ்த்தினார்' என்று முடித்துவிடுவார்கள். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லைங்க. உள்ளூர்த் தாசில்தார் திரட்டிக் கொடுத்த ஏறக்குறைய முந்நூறு கிராமத்து ஆட்கள் மலைமுகட்டில் வரிசையாக நிற்கிறார்கள். உரிமம் இல்லாத துப்பாக்கியைக்கூட எடுத்து வாருங்கள், இன்றைக்கு மட்டும் நான் கண்டுகொள்ள மாட்டேன் என்று தாசில்தாரே சொல்லியிருக்கிறார். அவர்கள் கத்தியும் வெடி வெடித்தும் புலியைக் கிளப்புகிறார்கள். கார்பெட்டிடம் இருந்த தோட்டாக்கள் மூன்று. மூன்றும் தீர்ந்ததும் ஓடிப் போய்த் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்துதான் கடைசியாகச் சுட்டார். இதையெல்லாம் கார்பெட் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவரை நான் மதிக்கிறது அதனால்தான். ஒற்றை மனிதர் என்று ஆக்கியது நாம்.

இன்னொன்றும் எழுதினார். செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தால் வலது பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. மேல்பல் பாதி, கீழ்ப்பல் எலும்பு வரை. பழைய துப்பாக்கிக் குண்டு செய்த வேலை. பிடிக்க வேண்டிய இரையைப் பிடிக்க முடியாமல் போனதால் அது மனிதனைப் பிடித்தது. ருத்ரபிரயாகைச் சிறுத்தைக்கும் ஒரு காரணம் சொல்கிறார். 1918இல் இன்புளுயென்சா வந்து ஊர் ஊராகச் செத்தபோது முறையாக எரிக்க முடியாமல், வாயில் ஒரு தணலை வைத்துப் பிணங்களைப் பள்ளத்தில் தள்ளினார்கள். சிறுத்தை அழுகியதையும் தின்னும். அதில் பழகியது, நோய் ஓய்ந்த பிறகு உயிரோடு இருப்பவர்களைத் தேடி வந்தது. 125 பேரைக் கொன்ற பிறகு, 1926இல் அதன் கதை முடிந்தது. பயங்கரத்தைச் சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் மனிதன் கை எங்கே இருக்கிறது என்றும் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் அந்தப் புத்தகங்கள் வேட்டைக் கதையைத் தாண்டிப் போகின்றன.

கென்னத் ஆண்டர்சன் நமக்கு இன்னும் பக்கம். பெங்களூர்க்காரர், தருமபுரி, சேலம் பக்கக் காடுகள், நீலகிரியின் சீகூர், நம் திம்பம் என்று சுற்றியவர். முதல் புத்தகம் 1954இல் வந்தது. அவர் சொல்கிற எல்லாமே அப்படியே நடந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மனுஷருக்குக் கதை சொல்லும் ஆசை கொஞ்சம் அதிகம். ஆனால் பைரா என்ற பூசாரிப் பழங்குடிக்காரர் அவர் பக்கங்களில் பேரோடு, குணத்தோடு, கோபதாபத்தோடு வருகிறார். காட்டில் தனக்குத் தெரிந்ததில் பாதி பைராவிடம் கற்றது என்கிற பணிவு அந்த எழுத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வேட்டைக்காரத் துரைகள் பலருடைய புத்தகங்களில் 'என் ஆள்' என்று ஒரு நிழல் மட்டும் வரும்.

அந்த நிழலுக்கு என்ன தெரியும் என்பதை ஒருமுறை பவானிசாகர் பக்கத்தில் பார்த்தேன். வனத்துறை அனுமதியோடு போன நடை. முன்னால் ஒரு இருளர், வேட்டைத் தடுப்புக் காவலர். கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நின்று கையைப் பின்னால் காட்டினார். தடத்தில் யானை லத்தி கிடந்தது. குனிந்து புறங்கையை அதன் மேல் வைத்தார். பிறகு பக்கத்தில் ஒடிந்து தொங்கிய கிளையைத் தொட்டு, விரலில் ஒட்டிய பிசினைத் தேய்த்துப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று கொஞ்சம் மண்ணை எடுத்துத் தூவினார். "குட்டி இருக்குதுங்க, சுத்திப் போயிரலாம்" என்றார். குட்டி இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். லத்திக்கு அந்தப் பக்கம் சின்னதாக இன்னொரு லத்தி. அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது சிப்பாய்களுக்கு வரலாம். கார்பெட்டையே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். 1944இல், எழுபதை நெருங்கும் வயதில், அவருக்கு லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்து, பர்மாவுக்குப் போக வேண்டிய படைகளுக்குக் காட்டில் நடமாடக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். குமாயுன் மலையில் கற்ற பாடம் ராணுவப் பயிற்சி ஆகிவிட்டது.

ஏன் தேவைப்பட்டது? பர்மாவில் பதினாலாவது படையை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் 1956இல் எழுதிய போர் நினைவுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. 1943இல் காயம்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு வீரனுக்கும் 120 பேர் நோயால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலேரியா மட்டுமே ஆண்டுக்குப் படையில் நூற்றுக்கு 84 என்ற அளவு. புலி இல்லை, யானை இல்லை, ஜப்பான்காரன்கூட இரண்டாவதுதான். கொசு! மலேரியாவைத் தடுக்க மெப்பக்ரின் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். அது தோலை மஞ்சளாக்கும், ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. வீரர்கள் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார், மாத்திரை போட்டவர்கள் நூற்றுக்கு 95க்குக் கீழே இருந்தால் அந்தப் பிரிவின் அதிகாரிக்கு வேலை போகும். மூன்று பேரைத்தான் நீக்க வேண்டியிருந்தது, அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது என்கிறார். ஒரு போர்ப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாத்திரை பற்றியது என்றால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

ஸ்பென்சர் சாப்மன் என்ற ஆங்கில அதிகாரி, மலேயாவை ஜப்பான் பிடித்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே காட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தார். 1949இல் எழுதினார். காடு யார் பக்கமும் இல்லை என்பது அவர் கட்சி. கூட வந்தவர்களில் சிலர் நோயைவிட மனம் உடைந்துதான் செத்தார்கள் என்று அவர் நினைத்தார்.

ஆனால் அதே காலத்தில் அதே மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் போனார்கள். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களை ஜப்பானியர் கொண்டு போய் சயாம்-பர்மா ரயில் பாதை போட வைத்தார்கள். 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் குடைந்து, 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, பட்டினி. அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன, ஆங்கிலத்தில் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அதில் பெருந்தொகையான தமிழர்களுக்கு, சரியான எண்ணிக்கைகூடக் கிடையாது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டையும் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

நம் மண்ணுக்குத் திரும்புவோம். இந்த ஊருக்கும் படைக்கும் பழைய உறவு. 1790 செப்டம்பரில் திப்பு மேலிருந்து கஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து, இதே சத்தியமங்கலத்துப் பவானிக் கரையில் கம்பெனிப் படையோடு மோதினார். அது பாடப்புத்தக விஷயம், விடுங்கள். உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்த இன்னொரு படை இருக்கிறது.

வீரப்பன் வேட்டையைப் பற்றி இரண்டு புத்தகங்களை நான் சேர்த்துத்தான் படிக்கச் சொல்வேன். ஒன்று, அதிரடிப்படைத் தலைவராக இருந்த விஜயகுமார் 2017இல் ஆங்கிலத்தில் எழுதியது. துரத்தியவரின் கணக்கு. விறுவிறுப்பாகப் போகும், பல தகவல் புதியது. 2000இல் தாளவாடிப் பக்கத்துக் கஜனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போய் 108 நாள் காட்டில் வைத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தனை படையாலும் காட்டுக்குள் வீரப்பனைப் பிடிக்க முடியவில்லை. 2004 அக்டோபர் 18இல் காட்டுக்கு வெளியே, பாப்பாரப்பட்டி அருகே தார் ரோட்டில், ஆம்புலன்ஸுக்குள் வைத்துத்தான் கதை முடிந்தது.

மற்றது அதே 2004இல் வந்த ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. முன்பாதியில் ஒரு தொட்டியின், அதாவது சோளகர் பழங்குடிகளின் ஊரின் வாழ்க்கை, ராகி, தேன், சாமி, சடங்கு, யானைக்குக் காவல். பின்பாதியில் அதிரடிப்படை முகாம். காடு தெரிந்தவன் என்பதே குற்றமாகிப்போகிறது. வீரப்பனுக்கு வழிகாட்டினாயா என்று ஒரு பக்கம் உதை, போலீஸுக்கு வழிகாட்டினாயா என்று மறுபக்கம் சாவு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். இது கற்பனை மிகை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதிரடிப்படை மீதான புகார்களைச் சதாசிவா குழு விசாரித்து, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் கொடுக்கச் சொன்னது. முதல் புத்தகத்தை மட்டும் படித்தவருக்குக் காடு ஒரு போர்க்களம். இரண்டாவதைப் படித்தவருக்கு அது வீடு. அந்த வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்தார்கள்.

வனவிலங்கில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது. சுற்றுலாப் பயணிகள் வீசிய பீர் பாட்டில் உடைந்து யானையின் பாதத்தில் ஏறி, புழு வைத்து, அது நொண்டிச் சாகிற பகுதியைப் படித்த பிறகு, ஆபத்து யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்கத் தோன்றும்.

பேச்சுக்கு முன்னால் ஒரு தம்பி எதில் தொடங்குவது என்று கேட்டார். பன்னிரண்டு வயது என்றால் தி.ஜ.ர. மொழிபெயர்ப்பு. கல்லூரி என்றால் 'சோளகர் தொட்டி', படித்துவிட்டுத் தாளவாடியில் அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்வதை அவர் பேரோடு எழுதி வையுங்கள், அவர் சம்மதித்தால். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் தன் வாயால் சொன்ன முழுப் புத்தகம் ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதை எழுதப் போகிறவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், முதல் பிரதியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். நன்றிங்க.