லேக் அடிக்கிறது போனா, நெட்டா?

[திரையில்: துப்பாக்கிச் சண்டை கேம். வீரன் அசையாமல் நிற்கிறான்; கேமரா மட்டும் சுற்றுகிறது.]

கேம் திக்கித் திணறி லேக் அடிக்குதுன்னு புது போன் வாங்கக் கிளம்புறவங்க முதல்ல இதச் செஞ்சு பாருங்க. கேமுக்குள்ள ஒரு இடத்துல சும்மா நின்னுக்கிட்டு, விரலால கேமராவ மட்டும் சுத்துங்க. காட்சி வெட்டி வெட்டி வந்தா கோளாறு போன்ல. ஏன்னா, கேமராவச் சுத்துறதுக்கு போன் சர்வர்கிட்ட, அதாவது கேம நடத்துற தூரத்துக் கம்ப்யூட்டர்கிட்ட, கேட்டுக்கிட்டு நிக்கிறதில்ல. சுத்துறது வழுக்கிக்கிட்டுப் போகுது, எதிராளி மட்டும் இங்க மறைஞ்சு அங்க முளைக்கிறான்னா, அது நெட்.

போன் பக்கத்தச் சுருக்கமா முடிச்சிருவோம். செக்கனுக்கு எத்தனை படம் வரையுதோ அதுதான் எஃப்பிஎஸ். 30ன்னா ஒரு படத்துக்கு 33 மில்லிசெக்கன், 60ன்னா ஏறக்குறைய 17. 60 ஹேர்ட்ஸ் திரையில, அதாவது செக்கனுக்கு 60 தடவைதான் படம் மாத்துற திரையில, கேம 90 எஃப்பிஎஸ்ல ஓட்டினாலும் கண்ணுக்கு வர்றது 60தான். போன் சூடேறினா சிப் தானாவே வேகத்தக் குறைச்சுக்கும்; கொஞ்ச நேரம் விளையாடின பிறகு எஃப்பிஎஸ் விழுந்தா பெரும்பாலும் காரணம் அதுதான். இந்த விஷயத்துல கொழும்புக்காரங்கள விட நுவரெலியாக்காரங்க குடுத்துவச்சவங்க! சார்ஜ்ல போட்டுக்கிட்டே விளையாடி அந்தக் குளிரையும் வீணாக்கிறாதீங்க.

[திரையில்: ஹட்டனிலிருந்து கொழும்பு, அங்கிருந்து கடலடியில் சிங்கப்பூர் வரை ஒரு கோடு.]

இப்போ பிங். உங்க போன் அனுப்புற சேதி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர்ற நேரம். "நம்ம மலைல இருக்கோம், அதான் பிங் கூட"ன்னு நிறையப் பேர் சொல்றாங்க. கணக்குப் போடுவோமா? ஃபைபர் கேபிள்ல ஒளி ஒரு மில்லிசெக்கன்ல ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். ஹட்டன்ல இருந்து கொழும்பு, ரோட்டு வழியா வச்சாலும் 130 கிலோமீட்டர் வாக்குல. போய்வர ரெண்டு மில்லிசெக்கன்கூட ஆகாது. சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா, கொழும்புல இருந்து நேர்கோட்டுலயே சுமார் 2,700 கிலோமீட்டர். போய்வர 27 மில்லிசெக்கன். எவ்வளவு காசு கட்டினாலும் கேபிள்ல இதுக்குக் கீழ இறங்க முடியாது.

அப்போ கேம்ல பிங் 150, 200 மில்லிசெக்கன்னு சிவப்புல காட்டுதே, அது எங்க இருந்து வருது? பல நேரம் உங்க கைக்கும் டவருக்கும் இடையில. குறுக்க ஒரு மலை முகடு நின்னா சிக்னல் மெலிஞ்சிரும். கெட்டுப்போன பாக்கெட்ட, அதாவது சேதித் துண்ட, போன் மறுபடி மறுபடி அனுப்பணும். லயத்துத் தகரமும் தன் பங்குக்குத் தடுக்கும். சாயங்காலம் ஊரே ஒரே டவர்ல தொங்கும். பனிமூட்டத்த மட்டும் திட்டாதீங்க, 4ஜி அலைய அது ஒண்ணும் பண்றதில்ல.

வீட்டுக்குள்ளயும் பாருங்க. அதே ரவுட்டர்ல தங்கச்சி வீடியோ அப்லோட் பண்றான்னா, உங்க கேம் பாக்கெட் அதுக்குப் பின்னால நிக்கும். கையில ஒரு பிடி கொழுந்த வச்சுக்கிட்டு, நிறைஞ்ச மூட்டைகளுக்குப் பின்னால நிறுவைக்கு நிக்கிற மாதிரி. கேம் அனுப்புற டேட்டா ரொம்பக் கொஞ்சம்; வேகமான பேக்கேஜ் போட்டும் லேக் போகலைன்னா இந்த வரிசையச் சந்தேகப்படுங்க.

[திரையில்: ஒரே தருணம், இரண்டு போன்கள். ஒன்றில் வீரன் சுவருக்குப் பின்னால். மற்றதில் இன்னும் வெளியே.]

"சுவருக்குப் பின்னால போயிட்டேன், அப்புறமும் செத்துட்டேன், அவன் ஹேக்கர்!" இருக்காது. நீங்க ஒளிஞ்ச சேதி அவன் போனுக்கு இன்னும் போய்ச் சேரல. அவன் திரையில நீங்க வெளியதான் நிக்கிறீங்க. அவன் சுட்டதும் பல கேம்கள்ல சர்வர், அந்த நேரத்துல அவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சதுன்னு பின்னால போய்ப் பாத்துதான் தீர்ப்பு சொல்லும். அவன் பிங் கூடக் கூட, நீங்க சுவருக்குப் பின்னால சாகுறதும் கூடும்.

கேம்ல சர்வரத் தேர்ந்தெடுக்க விட்டா, ஒவ்வொண்ணுலயும் பிங் எப்படி ஆடுதுன்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு எடுங்க. 50க்கும் 250க்கும் குதிக்கிற சர்வர விட, 90ல அசையாம நிக்கிறதுல விளையாடலாம். டவர் இருக்கிற பக்கத்து ஜன்னலோரமா உக்காந்து பாருங்க, காசு செலவில்ல.