துப்பாக்கிச் சண்டைப் புத்தகங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சேலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, 1986இல் அமெரிக்காவின் மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகளுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டை பற்றி இரண்டு புத்தகங்கள் படித்தேன். கொள்ளையர்கள் போதையில் இருந்ததால்தான் அத்தனை குண்டு பட்டும் விழவில்லை என்கிறது ஒன்று. எஃப்.பி.ஐ.யின் தோட்டாவே சரியில்லை என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என் மனதிலேயே நிற்கிறது.

முதலில் போதை. அது இல்லை. செத்துப்போன கொள்ளையர்கள் பிளாட், மேட்டிக்ஸ் இருவர் உடலையும் சோதித்தார்கள். போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. பிளாட் உடலில் 12 குண்டுகள், மேட்டிக்ஸ் உடலில் 6. இவ்வளவு வாங்கியும் ஒருவன் எப்படி நிற்பான் என்று நமக்குத் திகைப்பாக இருக்கிறது. அந்தத் திகைப்புக்கு யாரோ கொடுத்த பதில்தான் போதை.

தோட்டா விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஜெரி டவ் என்ற ஏஜென்ட் சுட்ட 9 மி.மீ. தோட்டா பிளாட்டின் வலது கையைத் துளைத்து, மார்புக்குள் போய், நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. இது பிரேதப் பரிசோதனை சொல்வது. "தோட்டா தோற்றது" என்பது அதற்கு மேல் ஒருவர் சொல்லும் கருத்து. எஃப்.பி.ஐ. அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டது. தோட்டா குறைந்தது 12 அங்குலமாவது ஊடுருவ வேண்டும் என்று அளவுகோல் வைத்தது, துப்பாக்கியையும் மாற்றியது. ஆனால் அந்தக் காயத்தோடும் பிளாட் சுட்டுக்கொண்டே இருந்தான், டவ் உட்பட இரண்டு ஏஜென்ட்டுகளைக் கொன்றான் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நல்ல நூலாசிரியர் பரிசோதனை சொல்வதையும் கருத்தையும் தனித்தனி வாக்கியத்தில் எழுதுவார். மற்றவர் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிடுவார்.

நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன கேட்பேன் என்று தெரியும். யார் பார்த்தது? எங்கே நின்று பார்த்தது? அமெரிக்க வங்கிக் கொள்ளையன் டில்லிஞ்சரைப் பற்றிய பேச்சில் சொன்னேன். 1934 ஜூலை 22, சிகாகோவில் பயோகிராஃப் தியேட்டருக்கு வெளியே அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அவனைக் காட்டிக்கொடுத்த அன்னா சேஜ் 'சிவப்பு உடைப் பெண்' என்றே இன்றுவரை பெயர் வாங்கியிருக்கிறார். அவர் கட்டியிருந்தது ஆரஞ்சு நிறப் பாவாடை. தியேட்டர் விளக்கில் சிவப்பாகத் தெரிந்தது. பார்த்தவர் பொய் சொல்லவில்லை, வெளிச்சம் அப்படி.

காதும் இப்படித்தான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இரவு பெரிய சத்தம். மூன்று தடவை வெடித்தது என்று நான் சத்தியம் செய்தேன். பாட்டி, "ஒண்ணுதான்டா" என்றார். அவர் திண்ணையில் இருந்தார், நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன், நடுவில் இரண்டு மதில் சுவர். மறுநாள் லைன்மேன் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு ஃப்யூஸ் போயிருக்கிறது என்றார். என் காதில் மூன்று விழுந்தது உண்மை. அந்த மூன்றும் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இதை மயாமியில் வைத்துப் பாருங்கள். எட்டு ஏஜென்ட்டுகள், இரண்டு கொள்ளையர்கள், சுமார் 145 குண்டுகள், ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒவ்வொருவரும் ஒரு காருக்குப் பின்னால். ஏஜென்ட் எட்மண்டோ மிரெலெஸின் இடது கை குண்டு பட்டுச் சிதைந்துபோய், ஒற்றைக் கையால் ஷாட்கன்னை இயக்கினார். அந்த மனிதர் நொடிக்கணக்கு வைத்துக்கொண்டா இருந்திருப்பார்? அதனால் ஒரு புத்தகம் 'இந்த நொடியில் இவர் இப்படி நினைத்தார்' என்று எழுதினால், அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வாக்குமூலமா, காயத்தின் கோணமா, காலி தோட்டாக் கூடு கிடந்த இடமா? சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கத்தை நான் கதையாகத்தான் படிப்பேன்.

சரி தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை ஏஜென்ட்டுகள் ஏன் அந்தத் தெருக்களில் சுற்றினார்கள்? ஒரு கறுப்பு மான்டி கார்லோ காரைத் தேடி. அது யாருடைய கார்? ஒரு மாதம் முன்பு, 1986 மார்ச்சில், ஊருக்கு வெளியே கல் குழியில் குறிசுடப் பழகப் போன ஒருவருடையது. பிளாட்டும் மேட்டிக்ஸும் அவரைப் பலமுறை சுட்டு, செத்துவிட்டார் என்று விட்டுவிட்டுக் காரோடு போனார்கள். அவர் சாகவில்லை. எழுந்து, சுமார் மூன்று மைல் நடந்து உதவி தேடினார். காரைப் பற்றியும் ஆட்களைப் பற்றியும் போலீஸுக்குத் தெரிந்தது அவரால்தான். அதற்கு முந்தைய அக்டோபரில் இதேபோல் குறிசுடப் போன இன்னோர் இளைஞர் திரும்பி வரவேயில்லை. அவர் காரையும் கொள்ளைக்குத்தான் பயன்படுத்தினார்கள்.

துப்பாக்கி மாடலுக்கு இருபது பக்கம், நடந்து வந்த அந்த மனிதருக்கு இரண்டு வரி என்று ஒரு புத்தகம் இருந்தால், அதில் தேதியெல்லாம் சரியாகவே இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களிடம் இருக்கும் இரண்டு புத்தகத்திலும் அவர் எத்தனை வரி வருகிறார் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள் தம்பி, காத்திருக்கிறேன்.