விசா கேட்கப் போவதற்கே இன்னொரு விசா: எங்கள் ஆபுவின் கதை

வணக்கம். ஜெர்மனியில் மாக்டபர்கிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு சமையலறையிலேயே கேமராவை வைத்துவிட்டேன். பின்னால் ரைஸ் குக்கர் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மணி நாலரைதான், அதற்குள் ஜன்னலுக்கு வெளியே முழுக்க இருட்டிவிட்டது.

போன வாரம் ஏ.பி.எஸ். சான்றிதழ் பற்றி, அதாவது ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்களின் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துக் கொடுப்பது பற்றி, ஒரு வீடியோ போட்டேன் இல்லையா, அதில் ஒரு வரி சொன்னேன். "இந்தியாவோ வங்கதேசமோ, நம் பக்கத்திலிருந்து வருகிற எல்லாருக்கும் ஏறக்குறைய இதே வழிதான்" என்று. அது தவறு. அதைத் திருத்தத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

தவறு என்று சொன்னது என் அறைத்தோழி. அவர் வங்கதேசத்துக்காரர். அங்கே அக்காவை 'ஆபு' என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் வீடியோவை சப்டைட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீ சொன்னதில் ஒன்றுகூட எனக்கு நடக்கவில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினோம். பெயரையும் படிப்பையும் சொல்லாமல் மற்றதைப் பகிரலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

முதலில் என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் வித்தியாசம் புரியும். இந்தியாவில் 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். 18,000 ரூபாய் கட்டினேன், காத்திருந்தேன், சான்றிதழ் வந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதன் பிறகு விசாவுக்குத் தேதி எடுத்தேன், சென்னைக்குப் பஸ் ஏறினேன். அலைச்சல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை ஒழுங்காக இருந்தது. முதலில் இடம், பிறகு விசா.

ஆபுவுக்கு அந்த வரிசையே தலைகீழ்.

அவர் 2017இல் ஹானர்ஸ் படிப்பில் சேர்ந்தார். நான்கு வருடப் படிப்பு. வங்கதேசத்துக் கல்லூரிகளில் 'செஷன் ஜொட்' என்று ஒரு சொல் புழங்குகிறது. ஜொட் என்றால் சிக்கல், முடிச்சு. தேர்வு தள்ளிப்போகும், முடிவு வரத் தாமதமாகும், நான்கு வருடப் படிப்பு ஐந்தாகும். அதன் மேல் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய கல்வி நிலையங்கள் அங்கே ஒன்றரை வருடம் திறக்கவே இல்லை. ஆபு பட்டம் வாங்கும்போது 2022 பாதி தாண்டிவிட்டது.

மதிப்பெண் பிரச்சினையே இல்லை. நாலுக்கு 3.4 வைத்திருந்தார். ஜெர்மன் கணக்குக்கு மாற்றுகிற பவேரியச் சூத்திரம் நம் வீடியோக்களில் பல முறை பார்த்ததுதான். அங்கே உச்ச மதிப்பு 4, தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் 2. உச்ச மதிப்பில் நம் மதிப்பைக் கழித்து, 4க்கும் 2க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.9. ஜெர்மனியில் எண் குறையக் குறைய நல்லது, உங்களுக்குத் தெரியும். 1.9 வைத்துக்கொண்டு தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் முதலில் பெயரில் வந்தது. இதை நம் ஆட்கள் கவனமாகக் கேளுங்கள், இனிஷியல் வைத்திருக்கிற நமக்கும் இது சொந்தப் பிரச்சினைதான். ஆபுவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில், அங்கே எஸ்.எஸ்.சி. என்பார்கள், பெயருக்கு முன்னால் 'மொசம்மத்' என்று பெண்களுக்குப் போடுகிற அடைமொழியின் சுருக்கம் இருந்தது. தேசிய அடையாள அட்டையில் அது இல்லை. அப்பாவின் பெயரில் ஓரிடத்தில் 'முகமது' முழுதாக இருந்தது, இன்னோரிடத்தில் இரண்டெழுத்தாகச் சுருங்கியிருந்தது. பள்ளியில் படிவம் நிரப்பிய யாரோ ஒருவர் அன்றைக்குக் கை வந்தபடி எழுதியது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, எஸ்.எஸ்.சி., பன்னிரண்டாவதான எச்.எஸ்.சி., பட்டம், பாஸ்போர்ட், இந்த ஆறிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் அடுத்ததையும் திருத்த வேண்டியிருந்தது. எட்டு மாதம் இதற்கே போனது.

அங்கே பெண்களின் பெயர்களில் இன்னொரு விஷயம். அக்தார், பேகம், காதுன் என்றெல்லாம் முடியும். அது குடும்பப் பெயர் கிடையாது. அக்காவுக்கு ஒன்று இருக்கும், தங்கைக்கு வேறு இருக்கும், அப்பாவுக்கு முற்றிலும் வேறு. ஐரோப்பியப் படிவம் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டத்தைக் காட்டி நிரப்பச் சொல்லும். நான் அப்பா பெயரைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டேன், இங்கே எல்லாரும் என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். அந்த உணர்வு ஆபுவுக்குச் சொல்லாமலே புரிந்தது.

சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு நீல்கேத் போவாராம். டாக்கா பல்கலைக்கழகத்தை ஒட்டிய இடம். பழைய புத்தகக் கடைகள், ஜெராக்ஸ், பைண்டிங், பிரிண்ட் அவுட் எல்லாம் அங்கேதான். சென்னையில் மூர் மார்க்கெட் பக்கத்தையும் திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடைகளையும் ஒரே சந்தில் அடைத்துப் பாருங்கள், அப்படி இருக்கும் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டேன். கடைக்காரர்களுக்கு எந்த நாட்டுக்கு எத்தனை செட் என்பது மனப்பாடமாம். "ஜெர்மனியா, இரண்டு செட் போதும்" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்களாம்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஜெர்மன் மாணவர் விசாவுக்கு வங்கதேசத்தில் விண்ணப்பிக்கிறவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. ஒரு வருடத்தில் கையாள முடிகிற விண்ணப்பங்களைவிட அது பல மடங்கு அதிகம். அதனால் நேர்காணல் தேதிக்கு ஒரு காத்திருப்புப் பட்டியல். அதில் பதிந்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பது அங்கே சாதாரணம். அதனால் மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்கிற முதல் வாக்கியம், "இடம் கிடைக்கும்வரை இருக்காதே, இன்றைக்கே வரிசையில் பதிந்துவிடு" என்பதுதான். ஜெர்மனியில் இருக்கிற வங்கதேச மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து நடத்துகிற பி.எஸ்.ஏ.ஏ.ஜி. என்ற ஃபேஸ்புக் குழு இருக்கிறது. ஆபு இதைக் கற்றது அங்கேதான். ஒரு பைசா வாங்காமல் முகம் தெரியாதவர்கள் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கன்சல்டன்சி ஆபுவிடம் 40,000 டகா வாங்கிக்கொண்டு, அவரே இலவசமாகச் செய்திருக்கக்கூடிய ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருந்தது. பட்டியல் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டகா என்றால் அவர்கள் நாணயம்.

ஆபு 2023 தொடக்கத்தில் பதிந்தார். அந்த வருடக் குளிர்காலப் பருவத்துக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கிற யூனி-அசிஸ்ட் அமைப்பில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ என்று கட்டி வாங்கிய இடம். வரிசை நகரவில்லை, இடம் காலாவதியானது. அடுத்த வருடம் மறுபடி கட்டினார், மறுபடி இடம் கிடைத்தது. இதற்கிடையே ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு 2022 அக்டோபரில் எழுதியது. அது இரண்டே வருடம்தான் செல்லும். வரிசையின் நீளமும் தேர்வின் ஆயுளும் ஒன்றுக்கொன்று போட்டி போடுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது கையிலிருந்த டீயைக் குடிக்கவே இல்லை.

பணமும் அப்படித்தான். ஜெர்மனிக்கு ஒரு வருடச் செலவுத் தொகையை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும், நமக்கும் அதே விதிதான். கொரோனாவில் வீட்டில் அடைந்திருந்த 2021இல் ஆபு முதன்முதலாகத் தேடிப் பார்த்தபோது அது 10,332 யூரோ. அன்றைக்கு யூரோ சுமார் 100 டகா, ஆக ஏறக்குறைய 10 லட்சம். 2023இல் தொகை 11,208 ஆனது. 2024 செப்டம்பரிலிருந்து 11,904. டகாவின் மதிப்பும் இதற்குள் இறங்கியது. கடைசியில் அவர் பணம் போட்டபோது 15 லட்சத்துக்கு மேல். காத்திருந்ததற்கு மட்டும் 5 லட்சம் டகா. ஆபுவின் அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சஞ்சய்பத்ர என்று அரசு சேமிப்புப் பத்திரம் அங்கே உண்டு, நடுத்தரக் குடும்பங்களின் ஓய்வுக்காலப் பணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். தவணை முடிவதற்குள் உடைத்தால் வட்டி குறையும் என்று தெரிந்தேதான் உடைத்தார்.

அந்தப் பணத்தை அனுப்புவதும் லேசில்லை. வங்கியில் 'ஸ்டூடண்ட் ஃபைல்' திறக்க வேண்டும். அந்நியச் செலாவணி கையாள அனுமதி உள்ள கிளைக்குத்தான் போக முடியும். இடம் கிடைத்த கடிதம், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாம் பார்த்துத்தான் திறப்பார்கள். ஒரு கிளையில் மூன்று நாள் உட்கார வைத்துவிட்டு, முடக்கப்பட்ட கணக்கு என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்களாம்.

இதற்கு நடுவில் 2024 ஜூலை. வங்கதேசத்தில் அரசு வேலை இட ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் நடத்திய போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குக் குளிர்காலப் பருவத்தின் கடைசித் தேதி ஜூலை 15. ஆபு அதற்கு முன்பே அனுப்பிவிட்டார். ஜூலை 18 இரவு நாடு முழுக்க இணையம் நின்றது, ஊரடங்கு வந்தது. பல நாட்களுக்கு மெயில் பார்க்க வழி கிடையாது. "சேர விருப்பமா, பத்து நாளில் சொல்லுங்கள்" என்று ஒரு மெயில் அதற்குள் வந்து, காத்திருந்து, கெடு முடிந்தும் போயிருந்தது. எழுதிக் கேட்டதும் அந்தப் பல்கலைக்கழகம் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் ஆபு அந்த நாட்களில் மெயிலைப் பற்றி நினைக்கவே இல்லை. தெருவுக்குப் போன தம்பி வீட்டுக்கு வந்துவிட்டானா என்பதுதான் அந்த வீட்டில் ஒரே கேள்வி. வந்துவிட்டான். பக்கத்துத் தெருவில் ஒரு பையன் வரவில்லை. இதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது தலைப்பில் வைத்த விஷயம். இது ஆபுவின் கல்லூரித் தோழிக்கு நடந்தது. ஜெர்மனிக்காவது டாக்காவிலேயே தூதரகம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் அங்கே தூதரகம் வைத்திருப்பவை கொஞ்சம்தான். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க். பின்லாந்து, போர்ச்சுகல் மாதிரி நாடுகளுக்குப் போக நினைத்தால் புது டெல்லிக்குத்தான் போக வேண்டியிருந்தது. டெல்லிக்குப் போக இந்திய விசா வேண்டும். அதாவது விசா கேட்கப் போவதற்கே ஒரு விசா. நமக்கு டெல்லி என்றால் ஒரு ராத்திரி, இன்னொரு பகல் ரயில் பயணம். அவர்களுக்கு அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு.

2024 ஆகஸ்டில் ஆட்சி மாறிய பிறகு அங்கிருந்த இந்திய விசா மையங்கள் மூடப்பட்டன. திரும்பத் திறந்தபோது அவசர மருத்துவத்துக்குப் போகிறவர்கள், மூன்றாம் நாட்டு விசா நேர்காணல் தேதி வைத்திருக்கும் மாணவர்கள் போன்றவர்களுக்கு மட்டும், அதுவும் குறைந்த எண்ணிக்கையில்தான் கொடுத்தார்கள். அந்தத் தோழியின் கையில் பல்கலைக்கழகக் கடிதம் இருந்தது, உதவித்தொகை இருந்தது, டெல்லியில் நேர்காணல் தேதியும் இருந்தது. டெல்லிக்குப் போக மட்டும் முடியவில்லை. வகுப்பு தொடங்கியது, இடம் போனது. அந்த டிசம்பரில் இடைக்கால அரசின் தலைமை ஆலோசகர் முகமது யூனுஸ் ஐரோப்பியத் தூதர்களைச் சந்தித்து, வங்கதேசத்தவருக்கான விசா மையங்களை டெல்லியிலிருந்து டாக்காவுக்கோ வேறு அண்டை நாட்டுக்கோ மாற்றும்படி நேரடியாகவே கேட்டுக்கொண்டார். மாணவர்கள் இதற்காகப் போராட்டமும் நடத்தினார்கள்.

இந்தியாவில் பிறந்தவள் என்பதால் இதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. எந்த அரசு செய்தது சரி என்று பேச இந்த வீடியோ போடவில்லை. ஒரு பெண் நன்றாகப் படித்து, போட்டி போட்டு உதவித்தொகை வாங்கி, வேறு யாருடைய சண்டையாலோ ஒரு வருடத்தை இழக்கிறாள். அது அநியாயம் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆபுவுக்கு 2024 கடைசியில் வரிசை நகர்ந்தது. ஐ.ஈ.எல்.டி.எஸ். இரண்டாவது முறை எழுதியிருந்தார். கோடைப் பருவத்துக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பித்து, 2025 ஏப்ரலில் இந்த ஊரில் வந்து இறங்கினார். பட்டம் வாங்கி கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து. என் வகுப்பில் சிலர், "உன் ரூம்மேட்டுக்கு ஏன் இத்தனை வருட இடைவெளி, வேலையும் பார்க்கவில்லையே?" என்று கேட்டிருக்கிறார்கள். இனிமேல் கேட்டால் இந்த வீடியோவை அனுப்புவேன்.

அதனால் போன வார வீடியோவில் அந்த வரி வரும் இடத்தில் திருத்தம் போட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வங்கதேச மாணவர்கள் யாராவது இருந்தால், எந்த நாடு என்று முடிவு செய்வதற்கு முன், அந்த நாட்டு விசாவுக்கு எந்த ஊரில் நேரில் நிற்க வேண்டும் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத் தரவரிசையை அப்புறம் பார்க்கலாம். பெயர்த் திருத்தம் இருந்தால் கல்லூரி முடிவதற்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத் தேர்வை வரிசை நகர்கிற நேரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

குக்கர் நின்றுவிட்டது. ஆபு வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவார், ரூய் மீனைக் கடுகு அரைத்துச் செய்கிறேன் என்று காலையிலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போனார். அவர் தம்பி இப்போது அதே பட்டியலில் காத்திருக்கிறான். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போன் வரும், முதல் கேள்வியாக ஆபு கேட்பது ஒரே ஒரு வார்த்தை, "வந்ததா?" எனக்கு வங்காள மொழி தெரியாது, அந்த ஒரு வார்த்தை மட்டும் இப்போது நன்றாகத் தெரியும். அவனுக்குத் தேதி வந்ததும் ஆபு உங்கள் முன்னால் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் வீடியோ போடுகிறேன்.