சூளையை வீடாக்கும்போது

நண்பர்களுக்கு வணக்கம். பழைய கட்டடங்களை வீடாக்குவதைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தின் கெண்ட் பகுதிப் பண்ணைகளில் நிற்கும் ஓஸ்ட் ஹவுஸ்.

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் கொடியின் பூ. அதை உலர்த்தும் சூளைதான் ஓஸ்ட். கீழே கரி நெருப்பு. தலைக்கு மேலே இடைவெளி விட்டு அடித்த ரீப்பர் தளம், அதன்மீது குதிரைமயிர்த் துணி, துணியின்மேல் ஈரப் பூ. சூடான காற்று பூவின் ஊடே ஏறி, ஈரத்தை வாங்கிக்கொண்டு, கூம்புக் கூரையின் உச்சி வழியாக வெளியேறும். உச்சியில் வெள்ளை வண்ணம் பூசிய மரக் குல்லாய் ஒன்று காற்றுக்கேற்பத் திரும்பும். அதன் திறப்பு எப்போதும் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கும். அந்தக் கூம்பு முழுக்க முழுக்க வேலைக்காக வந்தது. வட்டமாக இருந்தால் சூடு சமமாகப் பரவும் என்று நம்பி 19-ஆம் நூற்றாண்டில் வட்டச் சூளைகளைக் கட்டினார்கள். அப்புறம் சதுரத்துக்கே திரும்பினார்கள்.

உலர்ந்த பூவைப் பக்கத்துக் கூடத்தின் மாடியில் ஆறவைத்து, தரையிலுள்ள துளை வழியே கீழே தொங்கும் நீளச் சாக்கில் அழுத்தி அடைப்பார்கள்.

20-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் தோட்டங்கள் குறைந்தன, புதிய இயந்திரங்களும் வந்தன. காலியான ஓஸ்ட்கள் பல வீடுகளாயின.

அங்கேதான் எனக்கு ஆதங்கம். சூளைக்கு ஜன்னல் தேவையில்லை, படுக்கையறைக்குத் தேவை. சரி என்று வட்டச் சுவரைச் சுற்றி நாலைந்து ஜன்னல் வெட்டிவிடுகிறார்கள். சூடு மேலே போய் வீணாகிறதே என்று கூம்பின் அடியில் பொய்க்கூரை அடிக்கிறார்கள். சூடு பற்றிய கவலை நியாயமானது. ஆனால் கூரைச் சட்டங்களுக்கு நடுவே வெப்பக்காப்பு வைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். உச்சிவரை கண் ஏறும் அந்த வெளியைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், அறையைத் தலைகீழாக யோசிக்கச் சொல்வேன். வரவேற்பறை மேலே, கூம்பின் கீழ் வரட்டும். வெளிச்சம் குறைந்த தரைத்தளம் தூங்கப் போதும். புது ஜன்னல்கள் கூடத்தின் நேர்ச்சுவரில் வரட்டும். சாக்கு தொங்கிய துளையை மூடாமல் கெட்டிக் கண்ணாடி பதியுங்கள்.

வட்டச் சுவரில் நேரான அலமாரி ஒட்டாது, பின்னால் சந்து விழும். தச்சரிடம் சொல்லி வளைத்துச் செய்யுங்கள். செலவு அதிகமென்றால் அலமாரியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தச் செங்கல் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள்.