வாலை வெட்டி ரசீது போடற காடு: இங்கிலாந்தோட நியூ ஃபாரஸ்ட்

[காட்சி: ரோட்டு நடுவுல ஒரு குட்டைக் குதிரை, பின்னாடி வரிசையா கார்]

இந்தக் குதிரையோட வாலைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, முடியைப் படிபடியா வெட்டி விட்டிருக்காங்கல்ல? ஏதோ பசங்க பண்ண சேட்டைன்னு நெனச்சிடாதீங்க, அதுதான் ரசீது. மேய்ச்சல் கட்டணம் கட்டியாச்சு, ஓனர் இந்த ஏரியாக்காரர்னு அர்த்தம். வெட்டி விடறவருக்கு அஜிஸ்டர்னு பேரு, ஏரியாவுக்கு ஏரியா வெட்டு மாறும். பாக்க காட்டுக்குதிரை மாதிரி சுத்தினாலும் இங்க எல்லாத்துக்கும் ஓனர் உண்டு.

இடம் தெற்கு இங்கிலாந்து, பெரும்பாலும் ஹாம்ப்ஷயர். 1079 வாக்குல வில்லியம் ராஜா மான் வேட்டைக்குன்னு ஒதுக்குன இடம், தொள்ளாயிரம் வருஷம் தாண்டியும் பேரு என்னமோ இன்னும் 'நியூ' தான். ஃபாரஸ்ட்னா அப்போ மரம் அடர்ந்த காடுன்னு அர்த்தம் இல்ல, ராஜாவோட வேட்டைச் சட்டம் செல்லுபடியாகற நிலம், அவ்ளோதான். அதனாலதான் இங்க ஓக், பீச் மரக்காடும் இருக்கு, ஊதாப் பூ பூக்கற ஹெதர் புதர் மண்டுன பொட்டல்வெளியும் இருக்கு. 1100-ல வில்லியமோட பையன் ரூஃபஸ், அவரும் ராஜாதான், இங்க வேட்டைக்கு வந்து அம்பு பட்டே செத்துப் போனாரு, தெரியாம பட்டுச்சா குறி வெச்சு விட்டாங்களான்னு இன்னும் சண்டை ஓடுது.

சரி மேட்டருக்கு வருவோம். மான் தடையில்லாம ஓடணும்னு ஜனங்களை வேலி போட விடல, ஆனா மாடு குதிரையைத் தெறந்த வெளியில மேய்ச்சுக்கலாம்னு வழக்கம் ஆச்சு. அந்த உரிமை ஆளுக்கு இல்ல, வீடு நிலத்துக்குத்தான், அந்த வீட்டை வாங்குனா உரிமையும் கூடவே வரும். இப்பவும் காட்டுக்குள்ள இருக்கற லிண்ட்ஹர்ஸ்ட்ங்கற ஊர்ல, இந்த மேய்ச்சல் உரிமையைக் கவனிச்சுக்கறதுக்குன்னே வெர்டரர்ஸ் கோர்ட்னு ஒரு கோர்ட் இருக்கு. 2005-ல நேஷனல் பார்க் ஆக்கினப்பவும் இந்த உரிமையெல்லாம் அப்படியேதான் இருக்கு, என்னைக் கேட்டா அதுதான் புத்திசாலித்தனம், ஏன்னா குதிரையும் மாடும் மேயறதை நிறுத்துனா மரக்கன்னு மொளைச்சு பொட்டல்வெளி கொஞ்ச கொஞ்சமா காடா மூடிக்கும்.

[காட்சி: ஓக் மரத்தடியில பன்னிக் கூட்டம்]

இலையுதிர் காலத்துல பன்னிங்க வரும். ஓக் மரத்துலேர்ந்து உதிர்ற பச்சைக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்னிக்கோ விருந்து. மண்ணைக் கிளறிடக்கூடாதுன்னு மூக்குல வளையம் மாட்டி விடுவாங்க, குறைஞ்சது 60 நாளு இந்த சீசன், பானேஜ்னு பேரு. அந்த நேரத்துல வண்டியில போறீங்க, பன்னிக் கூட்டம் ரோட்டை மறிச்சு நிக்குதுன்னா ஹாரன் அடிக்காதீங்க, அதுங்க ட்யூட்டியில இருக்கு.