ஸ்கேல்னா செதிலா, தராசா? ஒரு ஸ்பானிஷ் லேபிள் பஞ்சாயத்து

வாங்க மக்களே. பாம்பன்ல இருந்துதான் பேசுறேன். கச்சான் காத்து மைக்ல அடிக்குது, பொறுத்துக்கங்க. இன்னைக்கு ஸ்பானிஷ் வினைச்சொல் பாடம்னு சொல்லியிருந்தேன்ல, அது அடுத்த வாரம். நம்ம சேனல் பாக்குற தங்கச்சி ஒருத்தங்க ஒரு லேபிள் போட்டோ அனுப்பியிருக்காங்க, பாத்ததுல இருந்து மனசு ஆறல.

விளைமீன் பில்லெட் பாக்கெட். இங்கிலீஷ்ல 'வித்தவுட் ஸ்கேல்ஸ்', அதாவது செதில் எடுத்தது. கீழ ஸ்பானிஷ்ல 'சின் பாஸ்குலாஸ்'. 'சின்'னா இல்லாம, பாஸ்குலான்னா எடை மெஷின்! 'எடை மெஷின் இல்லாதது'ன்னு மீன் பாக்கெட்டுல ஒட்டப்போறாங்க. ஒரு ஸ்டிக்கர் 2.75 ரூபாய், மொத்தம் 1000. 2,750 ரூபாய் மக்களே! அதுவும் பளபளன்னு லேமினேஷன் போட்டது, பேனாவால திருத்தலாம்னா மை நிக்காது. வெள்ளைப் பட்டி ஒட்டினா ஐஸ் ஈரத்துல உரிஞ்சு வந்துரும். 2,750 ரூபாயும் போச்சு.

ஏன் இப்படி ஆச்சு? மொழிபெயர்ப்பு ஆப்ல 'ஸ்கேல்ஸ்'ங்கிற ஒத்தைச் சொல்லைப் போட்டு, முதல்ல வந்ததை எடுத்திருக்காங்க. மீனுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் சொல்லை ஓரமா வச்சுட்டு முதல்ல தமிழ்ல கேளுங்க. செதிலா? எஸ்காமா. ரெண்டு தட்டுத் தராசா? பலான்சா. எடை மெஷினா? பாஸ்குலா. மேப் அளவா? எஸ்காலா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கோடு போடுற ஸ்கேலா? ரெக்லா. தமிழ் நமக்குப் பாதி வேலையை முடிச்சுக் கொடுத்துருது, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஆனா எல்லா இடத்துலயும் தமிழ் கைகொடுக்காது. மீன்னு நாம ஒரே சொல்லாச் சொல்றோம். ஸ்பானிஷ்ல கடல்ல நீந்துறது 'பெஸ்', பன்மையில 'பேசெஸ்'. பிடிச்சுச் சாப்பாட்டுக்கு வந்துட்டா 'பெஸ்காதோ'. பிடிபட்டதுங்கிற அர்த்தத்துல வந்த சொல் அது. மீன் காஞ்சா நாம கருவாடுன்னு பேரை மாத்துறோம்ல, அந்த மாதிரி. பாக்கெட்டுல, மெனுவுல 'பெஸ்' போடாதீங்க.

நெத்திலி வகைக்கும் இப்படித்தான். இங்கிலீஷ்ல ஆன்ச்சவி ஒண்ணுதான். ஸ்பெயின்ல பெரும்பாலும் பச்சையா இருந்தா 'பொக்கெரோன்', உப்புல ஊறுனது 'அன்ச்சோவா'. இறாலுக்கு ஊர் பாக்கணும். ஸ்பெயின்னா 'காம்பா', மெக்சிகோன்னா 'கமரோன்'. சரக்கு எங்க போகுதுன்னு தெரியாம லேபிள் எழுதவே கூடாது.

ஐயோ, அந்த லேபிள்ல இன்னொண்ணும் இருந்துச்சு, மறந்தே போனேன். 'போன்லெஸ்'. அதுக்கு 'சின் உவேசோஸ்'னு போட்டிருக்கு. உவேசோ ஆடு மாட்டு எலும்பு. மீனுக்கு 'எஸ்பினா', அதாவது முள்ளு. செடியில இருக்கிற முள்ளும் எஸ்பினாதான், நம்ம தமிழ் மாதிரியே! ஆனா தூண்டில் முள்ளுக்கு 'அன்சுவேலோ', கடிகார முள்ளுக்கு 'மனெசியா'. அங்க தமிழை நம்பி எஸ்பினா போட்டா மாட்டிக்குவீங்க.

அச்சுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி திருப்பிப் பாக்கணும், இதை மட்டும் விட்றாதீங்க. கிடைச்ச ஸ்பானிஷ் சொல்லை ஸ்பானிஷ் அகராதியில தேடுங்க. ரியல் அகாதெமியா எஸ்பான்யோலா அகராதி நெட்ல இலவசமாவே இருக்கு. விளக்கம் புரியலையா, அதே சொல்லைப் படத் தேடல்ல போடுங்க. பாஸ்குலான்னு போட்டா வரிசையா எடை மெஷின் வந்து நிக்கும். ஒரு நிமிஷ வேலை. தனிச்சொல்லாத் தேடாம 'எஸ்காமாஸ் தெ பெஸ்காதோ'ன்னு பக்கத்துச் சொல்லோட சேத்துத் தேடினா இன்னும் நல்லது.

தங்கச்சி, புது ஸ்டிக்கருக்கு இந்த வரியைக் கொடுங்க: 'ஃபிலேத்தே தெ பெஸ்காதோ, சின் எஸ்காமாஸ் நி எஸ்பினாஸ்'. செதிலும் முள்ளும் இல்லாத மீன் பில்லெட். நடுவுல வர்ற 'நி'யை விட்றாதீங்க, 'சின்'னை ரெண்டாவது தடவை போட வேண்டாம். முதல்ல ஒரே ஒரு ஸ்டிக்கர் அடிச்சு எனக்குப் போட்டோ அனுப்புங்க, பாத்துச் சொல்றேன், அப்புறம் 1000 அடிக்கலாம்.